வாலி கேட்ட கேள்வி

பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சியையும் சென்னையையும் இணைக்கும் நெடுஞ்சாலையை ஒட்டி, வாலிகண்டபுரம் என்றோர் ஊர் இருக்கிறது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் பழம்பெரும் சிவன் கோயில் அவ்வூருக்குப் பெருமை. அண்மையில் அவ்வூர்த் தோழர்களைக் காணச் சென்றிருந்தேன். மாலை நேரம். படிப்பகத்தில் நாளேடுகளை விரித்து வைத்துக்கொண்டு பேச்சு நடந்துகொண்டிருந்தது. எல்லையில் நிகழ்ந்த மோதல்களைப் பற்றிய பேச்சு. கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர், "நடந்தது என்ன என்று அரசு நாட்டுக்கு முழுமையாகச் சொல்ல வேண்டாமா?" என்று கேட்டார். உடனே மற்றொருவர் வெகுண்டெழுந்தார். "எல்லையில் வீரன் உயிரைக் கொடுக்கிறான், நிழலில் உட்கார்ந்துகொண்டு நீ கணக்குக் கேட்கிறாயா? இது படையை அவமதிப்பதாகும்!" என்றார்.

மூலையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். இளமையில் படையில் பணியாற்றியவர். ஊரார் அவரைப் 'பட்டாளத்தார்' என்றே அழைக்கின்றனர். இருவரும் அவர் பக்கம் திரும்பினர். "நீங்களே சொல்லுங்க, பெரியப்பா" என்றார் இளைஞர். அவர் சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "தம்பி, பட்டாளத்திலே ஒரு ரவை குறைஞ்சாலும் கணக்குக் கேட்பாங்க. ஆள் குறைஞ்சா கேட்கக் கூடாதா?"

படிப்பகம் அமைதியாகிவிட்டது. ஆயிரம் மேடைகளில் ஆயிரம் பேச்சாளர்கள் சொல்ல வேண்டியதை அந்த முதியவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். அந்த ஒரு வரிக்கு விரிவுரையாகவே இந்த வாரக் கட்டுரையை உங்கள் முன் வைக்கிறேன்.

வீழ்ந்தவன் கேட்டான்

வாலி வழிபட்ட ஊர் என்பதால் வாலிகண்டபுரம் என்று பெயர் பெற்றதாக அவ்வூரார் சொல்லுகின்றனர். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. அந்த வழக்குக்குள் நாம் நுழையவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதைக்குள் ஒரு நீதி கிடக்கிறது; அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

வாலி மறைந்து நின்று எய்யப்பட்டவன். மார்பில் தைத்த அம்போடு மண்ணில் கிடந்தவன். அந்த நிலையிலும் அவன் எய்தவனை நோக்கிக் கேள்விமேல் கேள்வி தொடுத்தான் என்று கம்பன் பாடி வைத்திருக்கிறான். கேட்டவன் வீழ்ந்தவன்; கேட்கப்பட்டவன் வில்லேந்திய அரசகுமரன். என்றாலும், "என்னையே கேட்கத் துணிந்தாயா?" என்று அந்த அரசகுமரன் சீறவில்லை. விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவனாகத்தான் காவியத்தில் நிற்கிறான். அதிலும் ஒரு சுவை உண்டு. எல்லாக் கேள்விகளிலும் கூர்மையான கேள்வி, "மறைந்து நின்று எய்தது ஏன்?" என்பது. அதற்கு விடை சொன்னவன் இராமன் அல்லன். அருகில் நின்ற இளையவன். கேள்வி ஒருவரிடம், விடை வேறொருவர் வாயிலிருந்து! அந்த வழக்கம் இன்றும் மாறவில்லை என்பதைச் சற்று நேரத்தில் காணப் போகிறீர்கள்.

குடிகளும் குடிமக்களும்

அதே வாலிகண்டபுரத்தின் அருகே ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751ஆம் ஆண்டு, ஆர்க்காட்டு நவாபுப் பட்டத்துக்காக, பிரெஞ்சுக்காரர் துணையோடு சந்தா சாகிபு ஒரு பக்கமும், ஆங்கிலேயர் துணையோடு முகமது அலி மறுபக்கமும் நின்று மோதிய களம் அது. ஆங்கிலேயர் ஏடுகளில் அவ்வூர் 'வால்கொண்டா' என்று உருமாறிக் கிடக்கிறது. கோட்டைக்குரியவனைத் தம் பக்கம் இழுக்க இரு தரப்பும் பேரம் பேசின. போர் மூண்டபோது ஆங்கிலேயப் படை நிலைகுலைந்து திருச்சி நோக்கிப் பின்வாங்கியது.

யார் நாட்டில் யார் போர்? கடல் கடந்து வந்த இரண்டு வணிகக் கும்பல்கள் நம் வயல்களில் பீரங்கி உருட்டின. அந்தச் சுற்றுப்புறத்து உழவன், "என் நிலத்தில் ஏன் போர் செய்கிறீர்கள்?" என்று யாரிடம் கேட்க முடியும்? நவாபிடமா? கும்பினியிடமா? அன்று அவன் குடிகளில் ஒருவன். குடிகளுக்கு ஆணை வரும், வரி வரும், விளக்கம் வராது.

இன்று நாம் குடிகள் அல்லோம், குடிமக்கள். வாக்குச்சீட்டு நம் கையில் இருக்கிறது. நாம் அனுப்பிய உறுப்பினர் நாடாளுமன்றத்தில் இருக்கிறார். படைக்கான செலவு நம் வரிப்பணத்திலிருந்து போகிறது. படைக்கான பிள்ளைகள் நம் வீடுகளிலிருந்து போகிறார்கள். குடிகளுக்கும் குடிமக்களுக்கும் உள்ள வேறுபாடு விளக்கம் கேட்கும் உரிமையில்தான் இருக்கிறது. அந்த உரிமையை விட்டுக்கொடுப்பவன் 1751ஆம் ஆண்டுக்குத் திரும்பிச் செல்பவன்.

கல்வானில் நடந்தது

இப்போது கல்வானுக்கு வாருங்கள். 2020 ஜூன் 15ஆம் நாள் இரவு. லடாக்கின் கிழக்கே, பனியும் பாறையும் சூழ்ந்த கல்வான் பள்ளத்தாக்கில் நம் படையினருக்கும் சீனப் படையினருக்கும் கைகலப்பு மூண்டது. துப்பாக்கி வெடிக்கவில்லை, கல்லும் தடியும் ஆயுதங்களாயின. மறுநாள் பகலில், ஓர் அதிகாரியும் இரண்டு வீரர்களும் மாண்டனர் என்று படைத்தலைமை அறிவித்தது. அன்றிரவே அந்த எண்ணிக்கை 20 ஆயிற்று. சீன எல்லையில் 45 ஆண்டுகளாக விழாத உயிர்கள் ஓரிரவில் விழுந்தன. பீகார் படைப்பிரிவின் கர்னல் சந்தோஷ் பாபு அவர்களில் ஒருவர். நம் இராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த அவில்தார் பழனி மற்றொருவர். மறைவுக்குப்பின் அவருக்கு வீர சக்கர விருது அளித்து நாடு வணங்கியது.

வணங்கியது சரி. ஆனால் அவர் எங்கே, எதற்காக, எந்தச் சூழ்நிலையில் உயிர் நீத்தார் என்ற வினாவுக்கு டில்லி தந்த விடைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

ஜூன் 17: இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் தொலைபேசியில் பேசினர். எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு நம் பக்கத்தில் சீனத்தார் ஒரு கட்டுமானத்தை எழுப்ப முயன்றதே மோதலுக்குக் காரணம் என்று நம் வெளியுறவு அமைச்சகம் கூறியது.

ஜூன் 19: அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் பிரதமர், நம் எல்லைக்குள் எவரும் நுழையவில்லை, எவரும் உள்ளே இல்லை, நம் காவல்நிலை எதுவும் பிறர் வசம் போகவில்லை என்ற பொருள்படப் பேசினார்.

ஜூன் 20: பிரதமரின் பேச்சுக்குத் தவறான பொருள் கற்பிக்கிறார்கள் என்று பிரதமர் அலுவலகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. பிரதமர் பேசியது 15ஆம் நாள் நிகழ்ச்சியைப் பற்றி, நம் வீரர்களின் தீரத்தால் விளைந்த நிலையைப் பற்றி என்றது. கேள்வி ஒருவரிடம், விடை வேறொருவர் வாயிலிருந்து என்று முன்னே சொன்னேனே, நினைவிருக்கிறதா?

ஆகஸ்டு: மே மாதத்தில் குக்ராங் ஓடை, கோக்ரா, பாங்காங் ஏரியின் வடகரை ஆகிய பகுதிகளில் சீனத்தார் அத்துமீறினர் என்று ஒப்புக்கொள்ளும் ஓர் ஆவணம் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே மறைந்தும் போயிற்று. ஏன் வந்தது, ஏன் போனது என்பதற்கு விளக்கம் இல்லை.

செப்டம்பர் 15: பாதுகாப்பு அமைச்சர் மக்களவையில் அறிக்கை படித்தார். கிழக்கு லடாக்கில் சீனத்தார் நிலைமையை மாற்ற முயன்றதைச் சொன்னார். லடாக்கில் சுமார் 38,000 சதுர கிலோமீட்டர் சீனத்தின் பிடியில் உள்ளது என்ற பழைய கணக்கையும் நினைவூட்டினார். அறிக்கை முடிந்ததும் எதிர்க்கட்சியினர் பேச எழுந்தனர், வாய்ப்பு மறுக்கப்பட்டது, வெளிநடப்புச் செய்தனர். அந்தக் கூட்டத்தொடரில், தொற்றுநோயைக் காரணம் காட்டி, கேள்வி நேரமே நீக்கப்பட்டிருந்தது.

செப்டம்பர் 16: உள்துறை இணையமைச்சர் மாநிலங்களவையில் எழுத்து மூலம் விடையளித்தார். கடந்த ஆறு மாதங்களில் சீன எல்லையில் ஊடுருவல் எதுவும் பதிவாகவில்லை என்றார். 'ஊடுருவல்' வேறு, 'அத்துமீறல்' வேறு என்று அரசுக்காகப் பரிந்து பேசுவோர் விளக்கினர். இருக்கட்டும். சொற்களுக்கிடையே உள்ள அந்த வேறுபாட்டைக் கடுக்கலூரில் கணவனை இழந்தவளுக்கு யார் போய் விளக்குவது?

தோழர்களே, இந்த ஆறு கூற்றுகளில் எது பொய் என்று தீர்ப்புச் சொல்வதன்று என் நோக்கம். ஒன்றோடொன்று பொருந்தாத பல பேச்சுகளை நாடு கேட்டது. பொருந்தும் ஒரே விளக்கத்தை நாடு கேட்கவில்லை. அதைத்தான் கேட்கிறோம். எழுத்தில், நாளிட்டு, கையெழுத்திட்டு, நாடாளுமன்றத்தின் மேசைமீது வைக்கப்படும் ஒரே விளக்கம்.

மூன்று சமாதானங்கள்

விளக்கம் கேட்டவுடன் ஆளுவோர் தரப்பிலிருந்து மூன்று சமாதானங்கள் வரும். எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பது ஒன்று. போர்மேகம் சூழ்ந்த நேரத்தில் கேட்கலாமா என்பது மற்றொன்று. படையினரின் மனம் தளரும் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றையும் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்போம்.

எதிரிக்குத் தெரிந்துவிடுமாம்! கல்வானில் கைகலந்தவன் எதிரிதானே? எங்கே நின்றோம், எவ்வளவு தூரம் வந்தோம் என்பது அவனுக்குத் தெரியாதா? அவனுக்குத் தெரியும், வானில் சுற்றும் செயற்கைக்கோள்களுக்குத் தெரியும், அந்தப் படங்களை விலைக்கு வாங்கும் வெளிநாட்டு ஏடுகளுக்குத் தெரியும். தெரியாதவன் ஒருவன்தான். அவன் வாலிகண்டபுரத்தில் வரி கட்டும் குடிமகன்.

உண்மையிலேயே மறைக்கவேண்டிய செய்திகள் உண்டு, நாம் மறுக்கவில்லை. அதற்கும் வழி இருக்கிறது. மக்களவையின் விதிகளில் 248ஆம் விதி இரகசியக் கூட்டத்துக்கு இடம் தருகிறது. கதவை மூடிக்கொண்டாவது மக்களின் பிரதிநிதிகளிடம் சொல்லலாமே! கதவைத் திறந்தும் சொல்லமாட்டோம், மூடியும் சொல்லமாட்டோம் என்றால், அங்கே காக்கப்படுவது எல்லையா, நாற்காலியா?

போர் நேரத்தில் கேட்கலாமா? 1962ஆம் ஆண்டைப் புரட்டுங்கள். அக்டோபர் 20ஆம் நாள் சீனப் படைகள் பாய்ந்தன. நாடாளுமன்றத்தை உடனே கூட்டவேண்டும் என்று கேட்டவர்களில் முன்நின்றவர் அன்றைய ஜனசங்கத்தின் இளம் உறுப்பினர் வாஜ்பாய். பிரதமர் நேரு இணங்கினார். கூட்டத்தொடர் முன்கூட்டியே நவம்பர் 8ஆம் நாள் தொடங்கிற்று. எல்லையில் குண்டு வெடித்துக்கொண்டிருக்கும்போதே, திறந்த அவையில், நாள் கணக்கில் விவாதம் நடந்தது. நேருவை அவர் முகத்துக்கு நேரே கண்டித்தனர். அவர் கட்சிக்குள்ளும் புறமும் எழுந்த கண்டனத்தால், அதற்குமுன்பே கிருஷ்ண மேனன் பதவி விலக நேர்ந்தது. அன்று பேசியவர்களை எவரும் தேசத்துரோகி என்று தூற்றவில்லை. அன்று வாஜ்பாய் கேட்டது தேசபக்தி என்றால், அவர் வழிவந்தோர் ஆளும்போது பிறர் கேட்பது எப்படித் துரோகமாகும்?

படையினர் மனம் தளருமாம்! பட்டாளத்தார் சொன்னதை மறந்துவிடாதீர்கள். கணக்குக் கேட்பது படையின் அன்றாட ஒழுக்கம். எந்த மோதலுக்குப் பின்னும் படை தனக்குள் விசாரணை நடத்துகிறது. தன் பிழையைத் தானே ஆராயத் தயங்காத படைக்கு, நாடு விளக்கம் கேட்டால் மனம் தளரும் என்பது படையின்மீது சுமத்தப்படும் பழி. படைவீரன் ஆணைக்குக் கீழ்ப்பட்டவன். வாய் திறக்க அவனுக்கு உரிமை இல்லை. அவனுக்காக வாய் திறக்கவேண்டியவர்கள் நாம். துப்பாக்கியைப் பயன்படுத்துவதில்லை என்று சீனத்தோடு 1996இலும் 2005இலும் செய்துகொண்ட உடன்பாடுகளின் பேரில்தான் வீரர்கள் கையில் ஆயுதம் இருந்தும் சுடவில்லை என்று வெளியுறவு அமைச்சர் சொன்னார். எதிரி தடியோடு பாயும்போதும் அந்த ஆணை பொருந்துமா? அந்த ஆணையை இட்டவர் யார்? மாண்டவர்களுக்காக இதை நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்?

சொன்னதும் உண்டு, பூட்டியதும் உண்டு

விளக்கம் தருவது இந்த நாட்டுக்குப் புதிதன்று. 1959 ஆகஸ்டில் லோங்ஜுவில் மோதல். நேரு அந்தச் செப்டம்பரிலேயே, 1954 முதல் சீனத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்தை வெள்ளை அறிக்கையாக நாடாளுமன்றத்தில் வைத்தார். அடுத்த மாதம் 21ஆம் நாள் கொங்கா கணவாயில் நம் காவலர் பத்துப்பேர் மாண்டனர். இன்றும் அந்த நாளையே காவலர் நினைவு நாளாகக் கொள்கிறோம். வெள்ளை அறிக்கைகளும் தொடர்ந்து வந்தன. தம் கடிதங்களையே, தம் குறிப்புகளையே, தம்மைத் தாக்கும் எதிர்க்கட்சிகளின் கையில் கொடுத்தார் ஒரு பிரதமர்.

உடனே நேருவுக்குப் பல்லாண்டு பாடிவிட வேண்டாம். அக்சாய் சின் வழியாகச் சீனம் சாலை போட்டதைக் குறித்து 1958 அக்டோபரிலேயே எதிர்ப்புக் குறிப்பு அனுப்பிய அரசு, நாடாளுமன்றத்துக்கு அதை 1959 ஆகஸ்டில்தான் சொன்னது. பத்து மாத மௌனம்! அந்த மௌனம் கலைந்ததும் நாட்டில் எழுந்த சினமே பின்னர் பேச்சுவார்த்தையின் கைகளைக் கட்டிப்போட்டது. முன்பே சொல்லியிருந்தால் நாடு நிதானமாக எண்ணிப் பார்த்திருக்கும். தாமதமாக வரும் உண்மை தணலாக வரும் என்பது அந்தப் பத்து மாதங்களின் பாடம்.

1962 தோல்வியை ஆராய லெப்டினன்ட் ஜெனரல் ஹெண்டர்சன் புரூக்ஸ், பிரிகேடியர் பகத் இருவரும் அமர்த்தப்பட்டனர். 1963இல் அறிக்கை தந்தனர். அரசு அதைப் பூட்டி வைத்தது. 2010இல் காங்கிரஸ் அரசின் பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி, அதன் செய்திகள் இன்றும் படை நடவடிக்கைக்கு மதிப்புடையவை, ஆகவே வெளியிட முடியாது என்றார். 2014 மார்ச்சில் நெவில் மாக்ஸ்வெல் என்ற வெளிநாட்டுச் செய்தியாளர் அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டுவிட்டார். அப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருந்த அருண் ஜெட்லி, இத்தனை ஆண்டுகள் மறைத்தது தவறு என்று எழுதினார். மே மாதம் ஆட்சி மாறிற்று. ஜெட்லியே பாதுகாப்பு அமைச்சரானார். ஜூலையில் நாடாளுமன்றத்தில் என்ன சொன்னார்? வெளியிடுவது நாட்டு நலனுக்கு உகந்ததன்று என்றார்! எதிர்க்கட்சி வரிசையில் கசந்த பூட்டு, அமைச்சர் நாற்காலியில் இனித்துவிட்டது. ஆகவே, தோழர்களே, இது ஒரு கட்சியின் நோய் அன்று, நாற்காலியின் நோய். நாளை நாம் அந்த நாற்காலியில் அமர்ந்தாலும் நம்மையும் பற்றக்கூடிய நோய். மருந்து, விடாமல் கேட்கும் மக்களிடம்தான் இருக்கிறது.

நல்ல எடுத்துக்காட்டையும் சொல்லவேண்டும். 1999இல் கார்கில் போர் முடிந்த சில நாட்களிலேயே வாஜ்பாய் அரசு ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. தலைவர் கே. சுப்பிரமணியம், நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர். உளவுத்துறை எங்கே சறுக்கிற்று, எல்லைக் காவல் எங்கே ஓட்டையாயிற்று என்று அந்தக் குழு ஆராய்ந்தது. சில பகுதிகள் நீக்கப்பட்டாலும், 2000 பிப்ரவரியில் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இந்தியப் படையின் மனம் தளர்ந்ததா? இல்லை. உளவமைப்பிலும் எல்லைக் காவலிலும் சீர்திருத்தங்கள் பிறந்தன. அந்தச் சுப்பிரமணியத்தின் மைந்தர்தான் கல்வான் நேரத்தில் வெளியுறவு அமைச்சராயிருந்த ஜெய்சங்கர். தந்தை கார்கிலுக்குச் செய்ததைக் கல்வானுக்கும் செய்யுங்கள் என்று மைந்தர் இருந்த அரசிடம் நாடு கேட்பதில் என்ன பிழை?

கேட்காத நாடுகள் பட்டது

1964 ஆகஸ்டில், டோங்கின் வளைகுடாவில் தம் கப்பல்கள் இருமுறை தாக்கப்பட்டன என்று அமெரிக்க ஆட்சியினர் அறிவித்தனர். சில நாட்களிலேயே அமெரிக்க நாடாளுமன்றம் அதிபருக்குப் போர் அதிகாரத்தை வாரி வழங்கிற்று. கீழவையில் எதிர்வாக்கு ஒன்றுகூட இல்லை. மேலவையில் இரண்டே இரண்டு. 'என்ன ஆதாரம்?' என்று நின்று கேட்டோர் அவ்வளவுதான்! ஆகஸ்டு 4ஆம் நாள் நடந்ததாகச் சொன்ன இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்று அவர்களுடைய உளவு அமைப்பின் வரலாற்றாசிரியரே முடிவு கட்டியது 2005இல்தான் வெளிவந்தது. அதற்குள் வியட்நாமில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கரும், அவர்களைப்போல் பன்மடங்கு வியட்நாமியரும் மாண்டு மண்ணாகிவிட்டனர்.

மறுபக்கம் பிரிட்டனைப் பாருங்கள். 1982 ஜூனில் பாக்லாந்துப் போரில் வெற்றி பெற்றது. வெற்றி பெற்ற அரசு! யாரும் கேட்கமாட்டார்கள் என்று இருந்துவிடலாம். என்றாலும் அடுத்த மாதமே பிராங்க்ஸ் என்பாரின் தலைமையில் குழு அமைந்தது. 1983 ஜனவரியில் அறிக்கை வெளிவந்தது. வென்றவனும் விளக்கம் சொல்லலாம், உலகம் இடிந்து விழாது என்பதற்கு அதுவே சான்று.

சீனம் என்ன செய்தது? கல்வானில் தன் பக்கம் மாண்டோரைப் பற்றி எட்டு மாதம் வாய் திறக்கவில்லை. 2021 பிப்ரவரியில் நால்வர் என்றது. நாமோ மாண்ட இருபதின்மரின் பெயரையும் உடனே சொன்னோம். ஊர் ஊராய்க் கண்ணீர் வடித்தோம். அதுவே நம் பெருமை. பாதிவழி வரை குடியாட்சியாய் நடந்து, மீதிவழியில் சீனத்தைப்போல் மௌனம் சாதிப்பானேன்?

2025இன் பாடம்

2025 ஏப்ரலில் பகல்காமில் 26 பேரைக் கொடியவர்கள் சுட்டுக் கொன்றனர். மே மாதம் 7ஆம் நாள் 'சிந்தூர்' நடவடிக்கை தொடங்கிற்று. 10ஆம் நாள் சண்டை நின்றது. நம் விமானங்கள் வீழ்ந்தனவா என்ற கேள்வி எழுந்தது. எதிரி ஒரு கணக்குச் சொன்னான். நம் தரப்பில் தெளிவான விடை இல்லை. சிறப்புக் கூட்டத்தொடர் கேட்டனர், கூட்டவில்லை. மே 31ஆம் நாள், முப்படைகளின் தலைமைத் தளபதி, சிங்கப்பூரில், ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனத்திடம், விமான இழப்பு நேர்ந்ததை ஒப்புக்கொண்டார். எதிரி சொன்ன எண்ணிக்கை தவறு என்றும், பிழையைக் கண்டறிந்து திருத்தித் திரும்பவும் தாக்கினோம் என்றும் சொன்னார். வீரனுக்கு அழகான பேச்சு! ஆனால் அந்தப் பேச்சை முதலில் கேட்கவேண்டிய இடம் சிங்கப்பூரா, டில்லி நாடாளுமன்றமா? மக்களவை அதைப் பற்றி விவாதித்தது ஜூலை 28ஆம் நாளில்தான். பொறுப்புள்ள ஒருவரே வாய் திறந்தார், படை தளர்ந்ததா? தளரவில்லை. ஆகவே மறைத்த அந்த மூன்று வாரங்களால் நாடு அடைந்த பயன் யாது?

நம் கடலிலும் இதுவே கதை

எல்லை என்றால் பனிமலை மட்டுமன்று. தமிழனுக்குக் கடலும் எல்லை. 2021 ஜனவரியில் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதிய படகில் சென்ற மீனவர் நால்வர் மாண்டனர். தப்பியோட முயன்ற படகே தம் கலத்தில் மோதியது என்றது இலங்கைக் கடற்படை; கடற்படைக் கலமே படகை மோதி மூழ்கடித்தது என்றனர் மீனவர். 2025 ஜனவரியில் அதே நெடுந்தீவுக் கடலில் துப்பாக்கிச்சூடு, மீனவர் காயமுற்றனர். தவறுதலாக வெடித்தது என்றது கொழும்பு. டில்லி இலங்கைத் தூதரை அழைத்துக் கண்டித்தது. கண்டித்தது நல்லதே. ஆனால் கண்டனத்துக்குப் பின் என்ன? யார் விசாரித்தார்கள்? என்ன முடிவு வந்தது? அந்த முடிவை இராமேசுவரத்து மீனவக் குடும்பத்துக்கு யார் படித்துக் காட்டினார்கள்?

பிற நாட்டு அரசிடம் விளக்கம் கேட்கும் உரம், தன் நாட்டு மக்களுக்கு விளக்கம் சொல்லும் அரசுக்கே உண்டு. தன் வீட்டில் கணக்குக் காட்டாதவன் அண்டை வீட்டில் போய்க் கணக்குக் கேட்டால் அவன் குரலில் வலு இருக்குமா?

எதைக் கேட்போம்?

தோழர்களே, உரக்கக் கேட்டால் போதாது, சரியாகக் கேட்கவேண்டும். படை இன்று எங்கே நிற்கிறது, நாளை எங்கே செல்லும் என்று நாம் கேட்கவில்லை. உளவு சொன்னவன் பெயரைக் கேட்கவில்லை. எந்த ஆயுதம் குறைவு என்று சந்தையில் கூவச் சொல்லவில்லை. அவை மறைவாய் இருக்கவேண்டியவை; அவற்றைக் கேட்போரை நாமே தடுப்போம். நடந்து முடிந்ததைப் பற்றி நான்கே கேள்விகள் கேட்கிறோம்.

ஒன்று, நிகழ்ச்சி நடந்த இடம் எது, நேரம் எது? இரண்டு, நம் இழப்பு எவ்வளவு? மூன்று, வீரர்களுக்கு இடப்பட்ட ஆணை என்ன, அதை இட்டவர் யார், முன்னெச்சரிக்கை வந்திருந்ததா? நான்கு, நிகழ்ச்சிக்கு முன் நம்மவர் சென்று வந்த இடங்களுக்குப் பின்னும் செல்ல முடிகிறதா? 2024 அக்டோபரில் டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் ரோந்து செல்ல உடன்பாடு ஏற்பட்டதாக டில்லி அறிவித்தது. மகிழ்ச்சி. எவரும் நுழையவில்லை என்றால் எதை மீட்க நான்காண்டு பேச்சு நடந்தது என்று சிறுவனும் கேட்பானே!

இவற்றைக் கேட்க வழிகளும் உண்டு. தொகுதி உறுப்பினருக்கு எழுதுங்கள்; கேள்வி நேரத்திலும், பாதுகாப்புத் துறை நிலைக்குழுவிலும் எழுப்பச் சொல்லுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 உங்கள் கையில் இருக்கிறது. அதன் 8(1)(அ) பிரிவு நாட்டுப் பாதுகாப்பைக் காட்டி மறுக்க இடம் தருகிறது. ஆனால் மறைப்பதால் வரும் நன்மையைவிடப் பொதுநலன் பெரிதானால் வெளியிடலாம் என்று 8(2) பிரிவு சொல்கிறது. முதற்பிரிவைக் காட்டி அனுப்பினால் இரண்டாம் பிரிவைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். படிப்பகந்தோறும் எல்லைப்படத்தை மாட்டி வைத்துப் பேசுங்கள். மறுப்பே வந்தாலும் அந்த மறுப்பும் ஓர் ஆவணம். நாளைய வரலாற்றுக்கு அது சான்று.

அந்த மாலை நான் புறப்பட்டபோது, முதலில் வெகுண்டெழுந்த தோழரும் வழியனுப்ப வந்தார். "நான் சொன்னது தப்புன்னு இப்பவும் நினைக்கலே, படையைக் குறைத்துப் பேசக் கூடாது" என்றார். அவர் சொன்னதும் நியாயந்தான். படையைக் குறைத்துப் பேசக் கூடாது. படைக்கு ஆணையிடுவோரைக் கேட்காமலும் விடக் கூடாது. இரண்டும் ஒரே பற்றின் இரு கைகள். பட்டாளத்தார் அவர் தோள்மேல் கைபோட்டு நின்றார்.

அம்பு தைத்துக் கிடந்தவனே கேட்டான் என்று கதை வைத்திருக்கும் ஊர் அது. உயிரோடும் உரிமையோடும் நிமிர்ந்து நிற்கும் நாம் கேட்கத் தயங்கலாமா? கேளுங்கள், தோழர்களே! பணிவோடு கேளுங்கள், ஆதாரத்தோடு கேளுங்கள், விடை வரும்வரை கேளுங்கள்!